மரச்சட்ட வீட்டுக்கு வெளிப்பலகை பொருத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

செங்கல் சுவரையே பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கனடாவின் மரச்சட்ட வீடு முதலில் பந்தல் போலத்தான் தெரியும். சுத்தியலால் தட்டினால் 'டொக்' என்று ஒலிக்கும் சுவரை நம்பி, வாழ்நாள் சேமிப்பைப் போடுவதா என்று உறவினர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகப் போடலாம். நூறு ஆண்டு தாண்டியும் நிமிர்ந்து நிற்கும் பலகைச் சுவர்களை இங்கே தெருவுக்குத் தெரு பார்க்கலாம். பத்தே ஆண்டில் உளுத்துப்போன சுவர்களையும் நான் பிரித்திருக்கிறேன். இரண்டு வகையிலும் பலகை ஏறக்குறைய ஒன்றுதான். ஆணி எந்த இடத்தில் ஏறியது, உள்ளே புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழி இருந்ததா என்ற இரண்டு கேள்விகளில்தான் சுவரின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். இங்கே அதிகமாகப் புழங்கும் ஃபைபர் சிமெண்ட் (நார் கலந்த சிமெண்ட்) பலகையை முதன்மையாக வைத்து எழுதுகிறேன். மரப்பலகை, வினைல் என்ற பிளாஸ்டிக் பலகை, நெடுக்குப் பலகை ஆகியவற்றில் முறை எங்கே மாறுகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுவருக்குள் என்ன இருக்கிறது

வெளியிலிருந்து உள்ளே போவோம். முதலில் பலகை. அதன் பின்னால் விரற்கடை இடைவெளி. பிறகு நீர்த்தடுப்புத் தாள். டைவெக் என்ற வணிகப் பெயரிலேயே பலரும் இதை அழைக்கிறார்கள். அதன் பின்னால் ஓ.எஸ்.பி. (மரச்சீவல்களைப் பசையால் ஒட்டி அழுத்திய பலகை) அல்லது பிளைவுட் மூடுபலகை, பெரும்பாலும் 11 மி.மீ. தடிமன். அதற்கும் பின்னால், 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிமிர்ந்து நிற்கும் மரச்சட்டங்கள். இவற்றை ஸ்டட் என்பார்கள். சில வீடுகளில் 24 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும். வீட்டைத் தாங்குவது ஸ்டட். பலகையைத் தாங்க வேண்டியதும் அதுதான். மூடுபலகையில் மட்டும் பிடித்த ஆணி பலமான காற்றுக்கு ஈடுகொடுக்காது.

மழையை முழுதாகத் தடுப்பது பலகையின் வேலை என்று நினைப்பவர்கள்தான் தவறு செய்கிறார்கள். பெரும்பகுதி மழையைப் பலகை தள்ளிவிடும். ஆனால் காற்றோடு அடிக்கும் சாரல் இணைப்புகள் வழியே கொஞ்சம் உள்ளே வந்தே தீரும். அந்தக் கொஞ்சத்தைத் தாள் பிடித்துக் கீழே வழியவிட வேண்டும். இந்தப் பாடத்துக்குக் கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வான்கூவர் பகுதி பெரிய விலை கொடுத்தது. 1980-களிலும் 90-களிலும் அங்கே கட்டிய அடுக்குமாடி வீடுகள் ஆயிரக்கணக்கில் ஒழுகின. வெளிப்பூச்சே எல்லாத் தண்ணீரையும் நிறுத்திவிடும் என்று நம்பி, உள்ளே புகுந்த ஈரம் வடிய வழி வைக்காமல் விட்டிருந்தார்கள். சுவருக்குள்ளேயே மரம் அழுகியது. 1998-இல் மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பேரட் தலைமையில் விசாரணை ஆணையமே அமைக்கவேண்டி வந்தது. பலகைக்குப் பின்னால் இடைவெளி விடும் முறை அதன் பிறகுதான் அந்தப் பகுதியில் வேரூன்றியது.

பழைய பலகையைப் பிரிக்கும் முன்

வீடு 1980-களுக்கு முந்தையது என்றால், வெளியே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் ஓடாக இருக்கலாம். ஒரு சிறு துண்டை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல் அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் வாய்ப்பும் உண்டு. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல்தான்.

பிரித்த பிறகு மூடுபலகையை ஜன்னல்களின் கீழ் மூலைகளிலும், அடித்தளத்தை ஒட்டிய பகுதியிலும், கூரை வந்து சுவரைத் தொடும் இடத்திலும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் நுனிகூட இறங்காது. ஊறிய மரத்தில் பழுத்த வாழைப்பழத்தில் இறங்குவது போல இறங்கும். இறங்கும் இடத்தை எல்லாம் வெட்டி எடுத்து, நல்ல மரம் தெரியும்வரை போய், புதுத் துண்டு வைக்க வேண்டும். இந்த நாளை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

தாளும் ஜன்னலும்

கீற்று வேய்பவர் இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கிப் போவார். மேல் கீற்று கீழ்க் கீற்றின் மேல் படியும். தாளுக்கும் இதே விதிதான். கீழிருந்து தொடங்குங்கள். மேல் சுருள் கீழ்ச் சுருளின் மேல் குறைந்தது 6 அங்குலம் படியட்டும். பக்கவாட்டு இணைப்பில் 6 முதல் 12 அங்குலம் வரை ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். இணைப்புகளில் அதற்கென்று உள்ள டேப்பை ஒட்டுங்கள்.

ஜன்னலில்தான் பலர் சறுக்குகிறார்கள். வரிசை இதுதான்: முதலில் கீழ் விளிம்பில் ஒட்டும் நீர்த்தடுப்புப் பட்டை, பிறகு ஜன்னல், பிறகு இரு பக்கப் பட்டைகள், கடைசியில் மேல் பட்டை. மேலே தாளை இரு மூலைகளிலும் சாய்வாக வெட்டி, மடலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, மேல் பட்டையை மூடுபலகையிலேயே ஒட்டி, அதன்மேல் மடலை இறக்க வேண்டும். மடலுக்கு வெளியே பட்டையை ஒட்டினால், தாளின் மேல் வழிந்துவரும் தண்ணீர் பட்டைக்குப் பின்னால் போகும். பசை விடும் நாளில் அந்தத் தண்ணீர் ஜன்னல் தலைக்குள் இறங்கும். ஜன்னலின் கீழ் விளிம்பை மட்டும் சீலன்ட் என்ற அடைப்புப் பசை போட்டு முழுதாக அடைக்காதீர்கள். உள்ளே வந்த நீர் வெளியேறும் கதவு அதுதான்.

ரீப்பர் அடித்தல்

ஸ்டட் இருக்கும் இடங்களைத் தாளின்மேல் நூல் அடித்துக் குறித்துவிட்டு, அந்தக் கோடுகளின் மேலேயே நெடுக்காக ரீப்பர், அதாவது ஒடுங்கிய மரச்சட்டம், அடியுங்கள். 10 மி.மீ. தடிமன் போதும். 19 மி.மீ. இருந்தால் இன்னும் நன்று. பலகையின் முதுகில் காற்று போய்வர இதுதான் வழி. ரீப்பரின் கீழ் முனையில் பூச்சி புகாத வலைப் பட்டை வைத்து மடியுங்கள். இல்லாவிட்டால் ஒரே கோடையில் குளவிகள் குடியேறிவிடும்.

ரீப்பர் எல்லா ஊரிலும் கட்டாயம் இல்லை. வறண்ட இடங்களில் தாளின் மேலேயே பலகையை நேரடியாக அடிக்கிறார்கள், விதியும் அனுமதிக்கிறது. என் சொந்த வீடாக இருந்தால் ரீப்பர் இல்லாமல் அடிக்க மாட்டேன். செலவு சிறிது, பலன் பெரிது. ஆனால் சுவர் தடிப்பதால் ஜன்னல் சட்டங்களும் ஓரச்சட்டங்களும் அந்த அளவுக்கு வெளியே வரவேண்டும். அதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

அளவுகோல் குச்சி

பலகையைத் தொடும் முன் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். அடித்தளத்தின் விளிம்பை நம்பி அளக்காதீர்கள். பழைய வீடுகளில் ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் ஓர் அங்குலம்கூட வித்தியாசம் இருக்கும். லேசர் மட்டமோ தண்ணீர்க் குழாய் மட்டமோ வைத்து, வீட்டைச் சுற்றிலும் ஒரே மட்டக்கோடு போடுங்கள். பிறகு சுவர் உயரத்துக்கு நேரான ஒரு சட்டத்தை எடுத்து, ஒவ்வொரு பலகையின் கீழ் விளிம்பும் எங்கே வரும் என்று அதில் கோடு கிழியுங்கள். இந்தக் குச்சிதான் இனி நான்கு சுவருக்கும் அளவுகோல். ஒவ்வொரு மூலையிலும் அதே குச்சியை வைத்துக் குறித்தால், வரிசைகள் மூலை திரும்பும்போது ஒன்றுக்கொன்று நேராக வந்து சேரும்.

ஒரு கணக்கு பார்ப்போம். சுவர் உயரம் 108 அங்குலம். பலகையின் அகலம் 8¼ அங்குலம். குறைந்தது 1¼ அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும் என்பது விதி. ஆகவே வெளியே தெரியும் பகுதி அதிகபட்சம் 7 அங்குலம். 108-ஐ 7-ஆல் வகுத்தால் 15 வரிசை போக 3 அங்குலம் மீதி. உச்சியில் 3 அங்குலக் கீற்று ஒன்று அசிங்கமாக நிற்கும். வெளியே தெரியும் பகுதியை 6¾ ஆக்கினால் சரியாக 16 வரிசை வரும். படியும் பகுதி 1½ அங்குலம் ஆகிறது. விதியும் மீறப்படவில்லை, சுவரும் ஒழுங்காகத் தெரியும். ஜன்னலின் கீழ் விளிம்போடும் மேல் விளிம்போடும் பலகைக் கோடு சேருமாறு இன்னும் கொஞ்சம் நகர்த்த முடிந்தால் செய்யுங்கள். ஜன்னலைச் சுற்றிப் பல்லுப் பல்லாக வெட்டும் வேலை பாதி குறையும்.

மூலைச்சட்டமும் தொடக்கப் பட்டையும்

மூலைச்சட்டங்களையும் ஜன்னல் சுற்றுச் சட்டங்களையும் பலகைக்கு முன்பே தூக்குக்குண்டு பார்த்து நிறுத்திவிட வேண்டும். ஜன்னலின் மேல் சட்டத்துக்கு மேலே, தண்ணீரை வெளியே திருப்பிவிடும் ஃப்ளாஷிங் தகடு ஒன்று கட்டாயம். அதன் பின் விளிம்பு தாளுக்கு உள்ளே போகவேண்டும், முன் விளிம்பு கீழ்நோக்கி மடிந்திருக்க வேண்டும்.

பிறகு, பலகையிலிருந்தே 1¼ அங்குல அகலத்தில் அறுத்த கீற்றைச் சுவரின் அடியில் மட்டக்கோட்டை ஒட்டி அடியுங்கள். மேலே வரும் ஒவ்வொரு பலகையும் கீழ்ப் பலகையின் தலையில் சாய்ந்து நிற்கும். முதல் பலகைக்குச் சாய ஆள் இல்லை. இந்தக் கீற்று அந்தச் சாய்வைக் கொடுக்கிறது. இதை விட்டுவிட்டால் முதல் வரிசை மட்டும் சுவரோடு படுத்துக்கொண்டு விகாரமாகத் தெரியும்.

தரையிலிருந்து பலகையின் அடிவரை 6 அங்குலம் இருக்கட்டும். படிக்கட்டு, மரத்தளம், கூரை ஆகியவற்றிலிருந்து 2 அங்குலம். ஃப்ளாஷிங் தகட்டிலிருந்து கால் அங்குலம். அந்தக் கால் அங்குலத்தை அழகுக்காக சீலன்ட் வைத்து அடைக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. தண்ணீர் வரும் வழியை அடைக்க நினைத்து, போகும் வழியை அடைத்துவிடுகிறார்கள்.

ஆணி

இனி வேலையின் நெஞ்சுக்கு வருவோம்.

ஃபைபர் சிமெண்ட் பலகையில் ஆணியை மேல் விளிம்புக்கு அருகில், அதாவது விளிம்பிலிருந்து முக்கால் முதல் ஓர் அங்குலம் கீழே, ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஒன்றாக அடிக்கிறோம். அடுத்த பலகை வந்து ஆணித்தலையை மூடிவிடும். மறைஆணி என்று இதைச் சொல்லலாம். பலகையின் முனையிலிருந்து குறைந்தது 10 மி.மீ. தள்ளி அடிக்க வேண்டும். அதைவிட நெருங்கினால் முனை உடையும்.

ஆணியின் நீளத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: பலகை 8 மி.மீ., ரீப்பர் 10 மி.மீ., மூடுபலகை 11 மி.மீ. கூட்டினால் 29. ஸ்டட்டுக்குள் 32 மி.மீ. இறங்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 61. எனவே 2½ அங்குல ஆணி, அதாவது 64 மி.மீ. வெளியே தடித்த ஃபோம் காப்பு இருக்கும் சுவரில் இந்தக் கணக்கு எட்டாது. அங்கே நீண்ட திருகாணிகளால் ரீப்பரை ஸ்டட்டோடு பிணைத்து, பலகையை ரீப்பரில் அடிப்பார்கள். அதற்கு ரீப்பரும் தடியாக இருக்க வேண்டும்.

ஆணி சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும். மின்முறையில் மெல்லிய பூச்சு ஏற்றிய மலிவு ஆணியை வாங்காதீர்கள். சில ஆண்டுகளில் சுவரில் செம்பழுப்புக் கண்ணீர்க் கோடுகள் இறங்கும்.

ஆழம் மிக முக்கியம். ஆணித்தலை பலகையின் முகத்தைத் தொட்டு நிற்க வேண்டும்; உள்ளே அமிழக் கூடாது. காற்றழுத்தத் துப்பாக்கியின் அழுத்தம் அதிகமானால் தலை பலகைக்குள் குழிந்து புகும். அந்த இடத்தில் பலகையின் பாதித் தடிமன் நொறுங்கிவிட்டது என்று பொருள். பார்த்தால் பிடித்திருப்பது போலத் தெரியும், காற்று இழுத்தால் தலை உருவிக்கொண்டு போகும். அப்படி ஆன குழியை சீலன்ட்டால் நிரப்பி, பக்கத்தில் இன்னோர் ஆணி அடியுங்கள். நான் துப்பாக்கியின் அழுத்தத்தை வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்து வைத்து, கடைசி ஒரு மில்லிமீட்டரைச் சுத்தியலால் தட்டி முடிக்கிறேன். மெதுவான வேலைதான். ஒரு முழுச் சுவரைத் திரும்ப அடிப்பதைவிட வேகமானது.

புயல் காற்று வீசும் கடலோரங்களில் மறைஆணி மட்டும் போதாது. பலகையின் கீழ்ப் பகுதியிலும் வெளியே தெரியுமாறு ஆணி அடிக்கச் சொல்வார்கள். உங்கள் ஊரின் காற்று வேகத்துக்கு எது பொருந்தும் என்பது உற்பத்தியாளரின் அட்டவணையில் இருக்கும். அதைப் பின்பற்றாவிட்டால் உத்தரவாதமும் செல்லாது.

பலகையை வெட்டுவதும் தூக்குவதும்

12 அடிப் பலகை ஏறக்குறைய 9 கிலோ இருக்கும். படுக்கையாகத் தூக்கினால் நடுவில் தொய்ந்து ஒடிந்துவிடும். ஒருக்களித்து, விளிம்பு கீழே வருமாறு இருவர் தூக்குங்கள். நனைந்த பலகையை அடிக்காதீர்கள். காயும்போது சுருங்கி இணைப்புகள் வாய் பிளக்கும்.

அறுக்கும்போது எழும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கல்குவாரித் தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்னும் சிலிக்கோசிஸ் நோய் இந்தத் தூசியாலும் வரும். வட்ட ரம்பத்தை வைத்து வெண்புகை கிளம்ப அறுப்பவர்களைப் பார்த்தால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். வெட்டுக் கத்தரி இயந்திரம் தூசி கிளப்பாது. ரம்பம்தான் என்றால் தூசி உறிஞ்சும் வசதியுள்ளது வேண்டும். வீட்டுக்கு வெளியே, காற்று நம்மிடமிருந்து அப்பால் போகும் திசையில் நின்று, என்95 முகக்கவசம் அணிந்து வெட்டுங்கள். வெட்டிய முனை ஒவ்வொன்றிலும் பெயின்ட் தொட்டு வையுங்கள்.

இணைப்புகள்

இரண்டு பலகைகள் முட்டும் இடம் ஸ்டட்டின் நடுவில் வரவேண்டும். அந்த இணைப்புக்குப் பின்னால் 6 அங்குல அகலத் தகடு அல்லது தாள்துண்டு ஒன்றைச் சொருகி, அதன் அடி கீழ்ப் பலகையின் தலைக்கு வெளியே படியுமாறு விடுங்கள். இணைப்பில் புகும் தண்ணீர் தகட்டில் வழிந்து, கீழ்ப் பலகையின் முகத்துக்கே வந்துவிடும். இது இருந்தால் இணைப்பில் சீலன்ட் தேவையில்லை. அடுத்தடுத்த வரிசைகளில் இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் குறைந்தது இரண்டு ஸ்டட் தள்ளி வையுங்கள். மூலைச்சட்டத்தோடும் ஜன்னல் சட்டத்தோடும் சேரும் இடத்தில் 3 மி.மீ. இடைவெளி விட்டு, பெயின்ட் ஏற்கும் சீலன்ட் வையுங்கள்.

கூரை சுவரைத் தொடும் மூலை

ஒரு வீட்டில் கார் நிறுத்தும் அறையின் கூரை பெரிய சுவரில் வந்து முடியும் இடத்துக்குக் கீழே, பெயின்ட் மட்டும் லேசாகக் கொப்பளித்திருந்தது. வீட்டுக்கார அக்கா, "தம்பி, இந்த ஒரு பலகையை மட்டும் மாற்றிவிடுங்கள்" என்றார். பலகையைக் கழற்றினேன். தாள் கறுத்திருந்தது. தாளைக் கிழித்தேன், மூடுபலகை கைப்பிடிக்கு உமி போல உதிர்ந்தது. அதற்குப் பின்னால் இருந்த ஸ்டட்டில் என் கட்டைவிரல் முதல் கணுவரை இறங்கியது. மேலே ஏறிப் பார்த்தால், கூரைத் தண்ணீர் சுவரோரமாக ஓடிவந்து, கூரை விளிம்பிலுள்ள வடிகால் தகட்டுக்குள் விழாமல், அதன் முனைக்கும் சுவருக்கும் நடுவே பலகைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. உள்ளங்கை அளவுள்ள கிக்அவுட் தகடு ஒன்றை அங்கே வைத்திருந்தால், தண்ணீரை வெளிப்பக்கம் திருப்பி வடிகாலில் விழச் செய்திருக்கும். அந்தத் தகட்டின் விலையோடு ஒப்பிட முடியாத செலவு அந்த அக்காவுக்கு வந்தது. பலகை வேலை தொடங்கும் முன் இந்த மூலைகளை எல்லாம் எண்ணி, ஒவ்வொன்றிலும் கிக்அவுட் தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மரப்பலகை

சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த சிவப்புச் சீடர் மரத்தின் பலகை இங்கே பெயர்பெற்றது. ஈரத்தில் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே ஆணி முறை அடியோடு மாறுகிறது. ஒரு ஸ்டட்டுக்கு ஒரே ஆணி. அதுவும் கீழ்ப் பலகையின் தலைக்குச் சற்று மேலே, அதைத் தொடாமல், வெளியே தெரியுமாறு. அந்த ஆணி இரண்டு பலகைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டால், கீழ்ப் பலகை சுருங்க இடமில்லாமல் நீளவாக்கில் பிளந்துகொள்ளும். சுவரில் சாதிக்காய்ப் பெட்டி உடைந்தது போல நெடுங்கோடுகள் தெரிந்தால் காரணம் இதுதான்.

சீடருக்கு துருப்பிடிக்காத எஃகு ஆணியே சிறந்தது. அந்த மரத்தில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து கருநீலக் கறை விடும். அடிப்பதற்கு முன் முன்புறம், முதுகு, நான்கு விளிம்புகள் என எல்லா முகத்திலும் பிரைமர் பூசுங்கள். முதுகுதானே என்று விடாதீர்கள். ஒரு முகம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை கிண்ணம் போல வளையும்.

நெடுக்குப் பலகை

அகலப் பலகைகளை நெட்டுக்கு நிறுத்தி, இடைவெளியை ஒடுங்கிய சட்டத்தால் மூடும் முறை இது. ஸ்டட்டும் நெடுக்கு, பலகையும் நெடுக்கு என்பதால் ஆணி பிடிக்கக் குறுக்கு ரீப்பர் 24 அங்குலத்துக்கு ஒன்றாவது தேவை. தண்ணீர் குறுக்கு ரீப்பரின் மேல் தேங்கும். அதனால் அதற்குப் பின்னால் நெடுக்கு ரீப்பரும் அடித்து வழி விடுங்கள். ஒடுங்கிய சட்டத்தின் ஆணி இரண்டு பலகைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி வழியாகப் போகவேண்டும். பலகையைக் குத்தக் கூடாது. இல்லையென்றால் இங்கேயும் பிளவுதான்.

வினைல்

வினைல் பலகையை அடிப்பதில்லை, தொங்கவிடுகிறோம். 12 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரு துண்டு குளிருக்கும் வெயிலுக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மேல் நீளும், குறுகும். மேல் விளிம்பில் நீள்வட்டத் துளைகள் இருப்பது அதற்காகத்தான். ஆணி துளையின் நடுவில் நிற்கட்டும். தலைக்கும் பலகைக்கும் நடுவே 0.8 மி.மீ. விட்டு நிறுத்துங்கள். பொருத்திய பிறகு பலகையைக் கையால் இடவலமாகத் தள்ளினால் நழுவ வேண்டும். நழுவாவிட்டால் ஆணியைத் தளர்த்துங்கள். முனைகளில் கால் அங்குல இடம், குளிர்நாளில் பொருத்தினால் ⅜ அங்குலம். இறுக்கி அடித்த வினைல் சுவர் ஜூலை வெயிலில் அலை அலையாகப் புடைத்துக்கொண்டு நிற்பதை எந்தப் புறநகர்த் தெருவிலும் பார்க்கலாம்.

முடித்த பிறகு

பிரைமர் மட்டும் பூசி வரும் ஃபைபர் சிமெண்ட் பலகைக்கு ஆறு மாதத்துக்குள் பெயின்ட் அடித்துவிடுங்கள். ஜன்னலுக்கு மேலுள்ள தகட்டின் இடைவெளியைப் பெயின்ட்டரோ வேறு யாரோ சீலன்ட்டால் அடைத்திருக்கிறார்களா என்று ஏணி வைத்துப் பாருங்கள்; அடைத்திருந்தால் கத்தியால் கீறி எடுங்கள். முதல் பெருமழை காற்றோடு அடித்து ஓய்ந்ததும், சுவரின் அடியில் குனிந்து ரீப்பர் இடைவெளியின் வலைப் பட்டையை விரலால் தடவுங்கள். அங்கே ஈரம் தட்டுப்பட்டால் பயப்படாதீர்கள். உள்ளே வந்த தண்ணீர், நாம் வைத்த வழியில் வெளியே வந்திருக்கிறது. பனி உருகும் மாதத்தில் சுவரைச் சுற்றி ஒருமுறை நடந்து, பூச்செடிக்காகக் கொட்டிய மண் பலகையின் அடியைத் தொட்டிருந்தால் மண்வெட்டியால் வாரி, அந்த 6 அங்குலத்தைத் திரும்பத் திறந்துவிடுங்கள்.